கிணற்றில் இல்லாத ஈயம்

வஜீஹா எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு அடையாற்றில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பசை குழைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா ஷகீலா அப்படித்தான் சொல்வாள். ராயப்பேட்டையில் அவர்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் போனாலும், "எம் பொண்ணு அங்க பசை காய்ச்சுறா. இதுக்கு ஒரு புஸ்தகக் கடையில பைண்டிங் கத்துக்கிட்டிருக்கலாம்" என்று சொல்லாமல் விடமாட்டாள். மற்ற பெண்கள் எம்.எஸ்ஸி. முடித்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போனார்கள், இல்லாவிட்டால் கல்யாணம் செய்துகொண்டார்கள். இவள் இரண்டையும் செய்யாமல் தினமும் விரலில் அரால்டைட்டை ஒட்டிக்கொண்டு வீடு திரும்பினால் பெற்றவளுக்கு எரிச்சல் வராதா?

அம்மா சொன்னதில் பொய்யும் இல்லை. ஒரு வெள்ளைப் பொடியை மைபோல அரைத்துப் பசையில் குழைக்க வேண்டும். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து நசுக்கிக் காயவிட வேண்டும். காய்ந்தால் அது ஒரு சவ்வு. அதில் ஒரு வட்டம் வெட்டிக் கண்ணாடிக் குழாயின் அடிவாயில் ஒட்டித் தண்ணீரில் நிறுத்தினால், தண்ணீரில் கரைந்திருக்கும் ஈயம் சவ்வில் இருக்கும் பொடியோடு இடம் மாற்றிக்கொள்ளும். அந்தச் சின்ன இடமாற்றம் மீட்டரின் முள்ளைத் தள்ளும். உப்பு இருந்தாலும் சுண்ணாம்பு இருந்தாலும் சவ்வு கண்டுகொள்ளக் கூடாது. ஈயம் வந்தால் மட்டும் அசைய வேண்டும். காகிதத்தில் எழுதினால் இவ்வளவுதான் விஷயம்.

செய்து பார்த்தவளுக்குத்தான் தெரியும். ஒரு சவ்வு வெடித்தது. ஒன்று மழைக்காலத்தில் காயவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. இன்னொன்று, கல்யாணப் பந்தியில் யார் வந்தாலும் கையைப் பிடித்து உட்காரவைக்கிற மாமாவைப் போல, செம்பு, சுண்ணாம்பு, உப்பு எது வந்தாலும் வரவேற்றது. எழுபத்து மூன்றாம் வருஷம் மார்ச் மாதத்தில்தான் ஒரு சவ்வு சொன்ன பேச்சைக் கேட்டது.

அதைப் பேராசிரியர் கருணாகரனிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்துப் பிள்ளை. அண்ணன் தம்பிகள் எல்லாரும் துணி அளக்க, இவர் மட்டும் ரசாயனத்துக்கு ஓடி வந்துவிட்டார். ஆனாலும் குடும்பப் பழக்கம் விடுமா? சவ்வை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"சாயம் போகாதுல்ல?"

"போகாது சார். ரெண்டு வாரம் தண்ணியிலயே கிடந்துச்சு, பொடி வெளிய வரல."

"அப்போ இதை எங்கயாவது நிஜமான தண்ணியில போட்டுப் பாரும்மா. நாம கலக்குன தண்ணியை நாமளே அளந்துக்கிட்டு எத்தனை நாளைக்கு இருக்க?"

நிஜமான தண்ணீர் அந்த வாரமே வாசலுக்கு வந்தது. அவர்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் தேவானை, பட்டினப்பாக்கத்துக்காரி. அவளோடு தராசுக் கல்லைத் தூக்கிக்கொண்டு கூடவே வருகிற மகள் கன்னியம்மாவைக் கொஞ்ச நாளாகக் காணவில்லை. அன்றைக்குத் தேவானை கூடையை இறக்கி வைத்துவிட்டு, விலை சொல்லாமல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா சொல்றது பாயம்மா. வயித்து நோவு, வயித்து நோவுன்னு புள்ள துடிச்சிக்கினு கெடந்தா. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனேன். ஈறுல நீலமா ஒரு கோடு ஓடுது பாரு, ஒடம்புல ஈயம் பூந்துகீதுன்னாரு டாக்டரு. மருந்து குட்த்தாரு, நல்லாத்தான் ஆச்சி. வூட்டுக்கு இட்டாந்தேன், மறுபடியும் அதே நோவு. எங்கேந்து பூறுதுன்னு கண்டுபுடிச்சி நிறுத்து, இல்லாங்காட்டி நான் மருந்து குட்த்து பிரயோஜனம் இல்லன்றாரு. அடுத்த தபா வலிப்பு வந்திச்சின்னா பொயக்காதாம்."

சொல்லிவிட்டு வஜீஹாவைப் பார்த்தாள். "நீ ஈயத்தக் கண்டுபுடிக்கிற படிப்புதானே படிக்கிறே பாப்பா?"

தன் படிப்பை ஒருவர் இப்படி ஒரே வரியில் சரியாகச் சொல்லி வஜீஹா கேட்டதே இல்லை. உள்ளே ஒரு பெருமை பொங்கியது. அந்தப் பெருமைதான் அவளைக் கெடுத்தது என்று சொல்ல வேண்டும்.

"குடிக்கிற தண்ணி எங்க அக்கா எடுக்குறீங்க?"

"குப்பத்துக் கெணறுதான்."

"அந்தப் பக்கம் பழைய பேட்டரி உடைக்கிற கொட்டாய் ஒண்ணு இருக்குல்ல?"

"கீது. கெணத்துக்கு அந்தாண்ட."

"அப்போ கிணறுதான் அக்கா. பேட்டரி தகடு முழுக்க ஈயம். மணல்ல இறங்கிக் கிணத்துக்கு வருது. அந்தத் தண்ணியைக் குடிக்கவே குடிக்காதீங்க. எனக்கு ஒரு பாட்டில்ல மட்டும் எடுத்துட்டு வாங்க, அளந்து சொல்றேன்."

சொல்லி முடித்துவிட்டுத்தான் அளக்கப் போனாள். படித்தவர்களுக்கு இந்த வியாதி உண்டு.

பாட்டிலில் வந்த தண்ணீரில் சவ்வை நிறுத்தினாள். முள் அசையவில்லை. கரையாமல் ஒட்டியிருக்கும் ஈயமும் கரையட்டும் என்று கொஞ்சம் அமிலம் விட்டுப் பார்த்தாள். அப்போதும் அசையவில்லை. வஜீஹாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வருஷத்துப் பாடு, நிஜமான தண்ணீரைக் கண்டதும் செத்துப்போய்விட்டது. கரிப்புத் தண்ணீர்தானே, உப்பு அடைத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள். கருணாகரனும் அதையேதான் சொன்னார். "விடும்மா. வேற பண்ணிக்கலாம்." ஜவுளிக்கடைக் குடும்பத்துக்கு ஒரு பீஸ் போனால் இன்னொன்று.

சவ்வைக் குழாயிலிருந்து பிய்க்கக் கத்தியை எடுத்தவள், என்னவோ தோன்றி, அதே கிணற்றுத் தண்ணீரில் ஈயம் கலந்த திரவத்திலிருந்து ஒரு சொட்டு விட்டாள். முள் துள்ளி எழுந்தது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள். தண்ணீரை மாற்றினாள், முள் படுத்துக்கொண்டது. சொட்டு விட்டாள், எழுந்தது. சவ்வு உயிரோடுதான் இருந்தது. கிணற்றில் ஈயம் இல்லை என்று அது முதலிலேயே சொல்லிவிட்டது. இவள்தான் காதில் வாங்கவில்லை.

அன்று மத்தியானமே பட்டினப்பாக்கத்துக்கு பஸ் ஏறினாள். தான் அவசரப்பட்டுச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். அதற்குள் அங்கே காரியம் கைமீறிப் போயிருந்தது. தேவானையின் புருஷன் கபாலி கிணற்றின் மேல் கட்டுமரப் பலகைகளைப் போட்டு மூடியிருந்தான். குப்பமே ரோட்டுக் குழாய்க்கு நடந்து வரிசையில் நின்று குடத்துக்குக் குடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. வஜீஹாவைப் பார்த்ததும் தேவானையின் மாமியார் எழுந்து வந்தாள். ஒடிசலான உடம்பு. குரல் மட்டும் அலைக்கு மேலே கேட்கும்.

"வாம்மா வா! நீதானே கெணத்துல வெசம் கீதுன்னு சொன்னது? எங்க மாமனாரு வெட்டுன கெணறு அது. நாப்பது வருசமா குடிச்சிக்கினு கீறேன், இன்னா ஆயிட்டேன் நானு?"

"நான் தப்பா சொல்லிட்டேன். கிணத்துல ஒண்ணும் இல்ல. பலகையை எடுத்துடுங்க."

மாமியார் அதற்கும் கத்தினாள். நியாயம்தான், யாராக இருந்தாலும் கத்துவார்கள். தேவானை கூடை விற்றுத் திரும்பி வந்தவள், தலைச்சுமையைக்கூட இறக்காமல் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்கத்தான் வஜீஹாவால் முடியவில்லை. கிணறாக இருந்தால் மூடிவிட்டோம், பிள்ளை பிழைத்துவிடும் என்று அவள் நம்பியிருந்தாள். இப்போது அதுவும் போயிற்று.

"அப்ப எங்கேந்து பாப்பா பூறுது? கொயா தண்ணிதானே குடுக்குறேன் இப்ப. அப்பவும் நேத்து சுருண்டுகினு அயுதா."

"கன்னியம்மா எங்க?"

குடிசையின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வலை. பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சி நிறையச் சின்னச் சின்ன ஈயத் துண்டுகள். பேட்டரிக் கொட்டாயில் வாங்கி, உருக்கித் தட்டி, நறுக்கி வைத்தவை. வலை தண்ணீரில் இறங்க வேண்டுமென்றால் அடிக்கயிற்றில் பாரம் வேண்டும். கன்னியம்மா நாலைந்து துண்டுகளைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக நாக்கால் வெளியே தள்ளி, கயிற்றைச் சுற்றி மடித்து, பின் கடைவாயில் வைத்து நறுக்கென்று கடித்து இறுக்கினாள். அடுத்தது. அதற்கு அடுத்தது. அழகாகச் செய்தாள்.

வஜீஹா தேவானையிடம் திரும்பினாள்.

"எப்பலேந்து இத பண்றா?"

"அது எல்லாரும் பண்றதுதான். சாய்ங்காலத்துல கொஞ்ச நேரம் குந்துவா." தேவானையின் குரலில் இப்போதும் ஒரு பெருமை இருந்தது. "ஆஸ்பத்திரிலேந்து வந்தப்புறம் வெயில்ல என்னோட அலைய வாணாம், கல்லு தூக்க வாணாம்னு வூட்லயே குந்த வச்சிட்டேன். நோவாத வேல. புள்ளைக்குப் பல்லு கெட்டி."

"தித்திப்பா கீதுக்கா" என்றாள் கன்னியம்மா, வாய் நிறைய ஈயத்தோடு சிரித்து.

நோவு வந்த பிள்ளையை நோகாத வேலையில் உட்காரவைத்திருந்தார்கள். முன்பு சாயங்காலம் மட்டும் கடித்தவள் இப்போது காலை முதல் இருட்டும்வரை கடித்தாள். மருந்து இறக்கியதையெல்லாம் பல் ஏற்றிக்கொண்டிருந்தது. இதைச் சொல்லத் துணிவு வரவில்லை வஜீஹாவுக்கு. ஆனால் சொல்லாமலும் வர முடியாது. சொன்னாள்.

மாமியார் வாய்விட்டுச் சிரித்தாள். "போன வாரம் கெணறு. இந்த வாரம் பல்லா? வலை கட்டுன நாள்லேந்து ஈயம் கடிச்சிக்கினுதான் கீறோம்!"

தேவானை சிரிக்கவில்லை. வஜீஹாவின் கையைப் பிடித்தாள். மீன் அறுத்துக் காய்த்துப்போன கை. "கெணத்த நீ சும்மா வாயால சொன்னே. நான் நம்பிக்கினு ஊரையே பகச்சிக்கினேன். இத அப்படிச் சொல்லாதே. என் கண்ணு முன்னால காட்டு."

"இப்பவே வாங்க. அவ வாயைக் கொப்பளிக்க வேணாம், தண்ணியும் குடிக்க வேணாம். கிணத்துலேந்து ஒரு பாட்டில் தண்ணி மட்டும் எடுங்க."

பலகையை ஒதுக்கித் தண்ணீர் மொண்டாள் தேவானை. மூன்று பேரும் பஸ் ஏறி அடையாற்றுப் பாலத்தைக் கடந்து போனார்கள். கன்னியம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வாயில் இருந்த ஈயத்தைத் துப்பச் சொல்லிவிட்டார்களே என்று கோபத்தில் உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆராய்ச்சிக்கூடத்தில் கருணாகரன் விஷயத்தைக் கேட்டார். தேவானைக்கு ஒரு நாற்காலி போட்டார். அவள் உட்காரவில்லை, மீட்டருக்கு எதிரே நின்றுகொண்டாள்.

"முதல்ல நீ கொப்பளிம்மா" என்றார் வஜீஹாவிடம்.

"நானா சார்?"

"வெறும் எச்சில் பட்டாலே முள்ளு ஆடுமோன்னு அந்தம்மாவுக்குச் சந்தேகம் வரும். வரணும். எனக்கே வருது."

கிணற்றுத் தண்ணீரை ஒரு குவளையில் ஊற்றி, அமிலம் சொட்டி, சவ்வை நிறுத்தினாள் வஜீஹா. முள் அசையவில்லை. "இது உங்க கிணறு அக்கா." அதே தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்து இன்னொரு குவளையில் துப்பினாள். பேராசிரியர் முன்னால் துப்புவது கூச்சமாகத்தான் இருந்தது. அமிலம் சொட்டினாள், நிறுத்தினாள். அசையவில்லை. "இது என் வாய்." பிறகு கன்னியம்மாவின் கையில் தண்ணீரைக் கொடுத்தாள். அவள் கன்னம் உப்பக் கொப்பளித்து மூன்றாவது குவளையில் துப்பினாள். அதிலும் அமிலம் சொட்டிச் சவ்வை நிறுத்தினாள் வஜீஹா.

முள் ஒரு கணம் தயங்கிவிட்டு ஏறத் தொடங்கியது. நிற்காமல் ஏறியது. ஒரு வருஷமாக இந்த ஏற்றத்துக்குத்தான் வஜீஹா காத்திருந்தாள். இப்போது அது எங்கேயாவது நின்றுவிட்டால் போதும் என்றிருந்தது.

தேவானை முள்ளையே பார்த்தாள். பிறகு மகளின் வாயைப் பார்த்தாள்.

"நோவாத வேலன்னு நான்தானே குட்த்தேன்" என்றாள். மெல்லத்தான் சொன்னாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கருணாகரன் திரும்பி ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்தாள். "எனக்கும் பாரு."

"உங்களுக்கு எதுக்கு அக்கா இப்ப?"

"பாரு பாப்பா. காலைல கூடை எடுக்கறதுக்கு மின்னாடி நானும் கொஞ்சம் கடிச்சேன்."

கொப்பளித்தாள். முள் எழுந்தது, ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டது. "அம்மாவுக்குக் கம்மி!" என்று கைதட்டினாள் கன்னியம்மா, பரீட்சையில் ஜெயித்த மாதிரி. தேவானை அந்த முள்ளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ கேட்க வாயெடுத்தவள் போலிருந்தது. கேட்கவில்லை.

மறுநாள் வஜீஹா அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கன்னியம்மாவை மறுபடி சேர்த்தார்கள். இந்த முறை வீட்டுக்கு வந்த பிறகு நோவு திரும்பவில்லை. கபாலி மூர் மார்க்கெட்டில் பழைய குறடுகள் வாங்கி வந்து வலை கட்டுகிற வீடுகளுக்குக் கொடுத்தான். பல்லுள்ளவளுக்குக் குறடு எதற்கு என்று மாமியார் சில நாள் முரண்டு பண்ணினாள், அப்புறம் பேத்தி முறைத்துப் பார்த்ததில் அவளும் குறடைப் பிடித்தாள். கிணற்றுப் பலகை கட்டுமரத்துக்கே திரும்பிப் போயிற்று. அடையாற்றில் கருணாகரன், ஆராய்ச்சிக் கட்டுரையில் வாய் கொப்பளித்த தண்ணீரை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். ஷகீலாகூட அடங்கிவிட்டாள். "எம் பொண்ணு ஒரு பசை கண்டுபுடிச்சிருக்கா" என்று இப்போது சொன்னாள். பசையை விடமாட்டேன் என்கிறாள்.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒருநாள் காலை, தெருமுனையிலேயே குரல் கேட்டது. "சங்கரா! வஞ்சிரம்!" கன்னியம்மாவின் குரல். பாட்டியின் தொண்டை அப்படியே அவளுக்கு வந்திருந்தது. தராசுக் கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் ஓடினாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. வஜீஹா வாசலில் நின்று அவளைப் பார்த்துச் சிரித்தாள். சந்தோஷத்தில் கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

தேவானை மீனைக் கொடுத்துவிட்டு, கன்னியம்மா அடுத்த வீட்டுக்குப் போகும்வரை காத்திருந்தாள்.

"பாப்பா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அக்கா."

"இவளுக்கு மின்னாடி எனக்கு ரெண்டு. ரெண்டும் வயித்துலயே பூட்ச்சி. ஆம்பளப் புள்ளைங்க." கூடைக்குள் ஐஸைத் தள்ளிச் சரிசெய்தாள். "அப்ப என் மாமியா என்னிய வெயில்ல அனுப்பாது. வயித்துப் புள்ளக்காரி கூடை தூக்க வாணாம், குந்துன எடத்துல வலைக்கு ஈயம் கடின்னு சொல்லும். மாங்கா நறுக்கி உப்பு போட்டுப் பக்கத்துல வச்சிட்டுப் போவும். நாள் பூரா கடிச்சிக்கினு குந்தியிருப்பேன்."

தேவானை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அதுவும் இதானா பாப்பா?"

வயிற்றில் இருக்கும் பிள்ளையை ஈயம் என்ன செய்யும் என்று வஜீஹா படித்திருந்தாள். அன்றைக்கு அந்த முள் பாதியில் நின்றதிலிருந்தே தேடித் தேடிப் படித்திருந்தாள். கிணற்றைப் பற்றி ஒன்றும் தெரியாமல் அவ்வளவு உறுதியாகச் சொன்ன வாய், இப்போது தெரிந்தும் திறக்கவில்லை. கடைசியில் உண்மையையே சொன்னாள்.

"இருக்கலாம் அக்கா. இதுதான்னு அளந்து சொல்ல இப்ப ஒண்ணும் இல்ல."

தேவானை தலையசைத்தாள். கூடையின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தினாள். தலையில் தூக்கிவைத்துக்கொள்ள வஜீஹா ஒரு கை கொடுத்தாள். இரண்டு எட்டு நடந்த பிறகு தேவானை திரும்பினாள்.

"எங்க குப்பத்துக்கு வந்தின்னா, மாமியா காதுல மட்டும் இத போட்டுடாத பாப்பா. வயசானது. ஆசையாத்தான் குட்த்துச்சி."

அப்புறம் மகள் போன வழியில், "சங்கரா, வஞ்சிரம்" என்று குரல் கொடுத்துக்கொண்டே போனாள்.